சின்னக்குழந்தை வீட்டுச் சாமை

மலைமேல் இருக்கும் காவலூரிலிருந்து தெற்கே இறங்கும் தார் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் வந்து மண்பாதையில் திரும்பினால் பூசணிக்கொல்லை. நாற்பத்தாறு வீடு. அருணகிரி அங்கே மேல்வீட்டு வெள்ளையனின் மூத்த மகன். வெள்ளையனுக்குப் பிறந்தது ஐந்து, தங்கியது இரண்டு. மூத்தவன் அருணகிரி. ஆறு வருசம் கழித்துச் சின்னக்குழந்தை. நடுவில் வந்த மூன்றும் பேர் வைக்கும் முன்பே போய்விட்டன. மிஞ்சிய பெண்ணை வெளியூருக்கு அனுப்ப மனசில்லாமல், அதே ஊரில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை மகன் ஆனந்தனுக்கே கட்டிவைத்தார் வெள்ளையன். அண்ணன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் தங்கை வீட்டில் கேட்கும். அத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு பதினோரு வருசம் அருணகிரி தங்கையோடு பேசவில்லை.

எல்லாம் அவன் வயிற்றால் வந்தது.

நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கல்லாக நின்றுவிடும். புளித்த ஏப்பம் வரும். நெஞ்சுக்குழிக்குக் கீழே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். காலையில் குடித்த கூழ் பொழுது சாய்ந்தும் இறங்காமல் கிடப்பதாகத் தோன்றும். ஓமம், சீரகம், சோடா உப்பு, பெட்டிக்கடையில் விற்ற ரோஸ் கலர் டானிக் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு வாரம் தாங்கும், மறுபடி வந்துவிடும்.

மலையில் ஒருவனுக்கு வயிறு இப்படி ஆனால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எந்த வூட்டுல கை நனைச்ச?" என்பார்கள். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று பொருள். தன் பக்கம் இழுக்க வைப்பார்களாம், ஆளைக் கெடுக்கவும் வைப்பார்களாம். அது குடலில் ஒட்டி முடியும் வேருமாக வளரும் என்பது பேச்சு. அதை எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அடிவாரத்தில் அப்படி ஒரு ஆள் இருந்தான். அருணகிரி அவனிடம் போனான்.

அந்த ஆள் இவனைப் படுக்கவைத்து, தொப்புளில் ஒரு மூங்கில் குழலை வைத்து உறிஞ்சி, வாயிலிருந்து கறுப்பாக ஒரு சிண்டு துப்பினான். வாழை இலையில் அதைப் பிரித்தால் முடி, சாம்பல், ஏதோ வேர்த்துண்டு.

"உனக்கு வெச்சது தான் இது. வேரு இன்னும் உள்ள கீது. மூணு வாட்டி எடுக்கணும். நோவு வர்றதுக்கு முன்னாடி எந்த வூட்டுல விருந்து சாப்ட்ட?"

அருணகிரி யோசித்தான். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் தங்கை மகள் கல்பனாவுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் என்று இவன் சீர்வரிசையோடு போயிருந்தான். கோழிக் குழம்பு, சாமைச் சோறு. பரிமாறும்போது சின்னக்குழந்தை, "அண்ணா, இவ படிச்சி முடிச்சதும் உன் வூட்டுக்கே எடுத்துக்கோ. பிரகாஷுக்குத் தான் மொறை" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பிரகாஷ் இவன் மகன்.

"தங்கச்சி வூட்டுல சாப்ட்டேன்" என்றான் அருணகிரி.

அந்த ஆள் தலையை மட்டும் ஆட்டினான். பேரைச் சொன்னது இவன் வாய்தான்.

அந்த வருசம் ஆடித் திருவிழா. பூசணிக்கொல்லையில் மாரியம்மனுக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை கொண்டுவந்து ஒரே பானையில் பொங்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். எந்த வீட்டுச் சாமை எது என்று தெரியாதபடி கலந்துவிட வேண்டும், அதுதான் அதன் அர்த்தம். பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். சின்னக்குழந்தையின் முறை வந்தபோது அருணகிரி எழுந்தான்.

"இவ வூட்டு சாமை அந்தப் பானையில வுழுந்தா நான் சாப்பிட மாட்டேன். சாப்பிடறவங்க அவங்கவங்க வயித்தைப் பாத்துக்கோங்க."

மருந்து என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தக் கூடையை எடுத்துத் தனியாக வைத்தார். சின்னக்குழந்தை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனாள். மறு ஆடியில் அவள் வரவில்லை. அதற்கு மறு ஆடியிலும் வரவில்லை. போகப்போக அவள் வராததே வழக்கமாகிவிட்டது.

அதோடு நின்றதா என்றால் இல்லை. அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆட்கள் யோசித்தார்கள். களை வெட்டப் போகும் இடத்தில் பெண்கள் சோற்றை மாற்றிக்கொள்ளும்போது அவள் தூக்குப் பாத்திரம் மூடியே இருந்தது. கல்பனாவைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பேரும் ஊர் எல்லையில் யாரையோ விசாரித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்கள். அந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்ததும் ஆம்பூரில் செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் விடுதியில் தங்கிவிட்டது. நாலு வருசத்துக்கு முன் ஆனந்தன் இறந்தபோது அருணகிரி போனான். கூடப் பிறந்தவளின் புருசன், அத்தை மகன் வேறு, போகாமல் முடியாது. போய் வேலி ஓரமாக நின்றான். யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் நீட்டினார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினான். தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த சின்னக்குழந்தை அதைப் பார்த்தாள்.

வயிறு மட்டும் சரியாகவே இல்லை. மூன்று முறை எடுத்தும் சரியாகவில்லை. வேர் ஆழம் என்று அந்த ஆள் சொல்லிவிட்டான், அருணகிரியும் நம்பினான்.

போன மாசி மாதம் புளி உலுக்கும் சமயத்தில் வாணியம்பாடி ஹனீஃபா வந்தார். இருபது வருசமாக இவன் மரத்துப் புளியை எடுக்கிறவர். எடை போட்டு முடித்ததும் வண்டியிலிருந்த பிஸ்கட்டையும் டீயையும் நீட்டினார். அருணகிரி டீயை மட்டும் வாங்கி, இரண்டு வாய் குடித்துவிட்டு நெஞ்சுக்குழியைக் கைமுட்டியால் அமுக்கினான்.

"இன்னா அருணகிரி, போன வருசமும் இதே மாரி அமுக்கிகினு இருந்தே. ஆளு பாதியா பூட்டியே."

"அது பழைய நோவு பாய். வெளிய சொல்ற நோவு இல்ல."

"வெளிய சொல்லாத நோவுக்கு உள்ள மெசின் வுட்டுப் பாக்கறாங்க இப்போ. என் தம்பி பொண்ணு மர்யம் வயித்து டாக்டரு. வேலூர்ல கீது. சீட்டு எழுதித் தர்றேன், போ. போவலேன்னா அடுத்த வருசம் உன் புளி எனக்கு வேணாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் அருணகிரியின் மனைவி குப்பம்மாள் அந்தச் சீட்டை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். மறுவாரம் புருசனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மர்யம் டாக்டர் சின்ன வயசுக்காரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். தொண்டைக்குள் மருந்தை அடித்து மரத்துப்போக வைத்து, குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றிலிருந்து துளியூண்டு சதை எடுத்துச் சோதித்தார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"பயப்படற மாதிரி கட்டி கிட்டி ஒண்ணும் இல்லீங்க. உள்ள புண்ணு இருக்கு. அதுக்குக் காரணம் ஒரு கிருமி. வயித்துத் தோல்ல குடியிருக்கும். பதினாலு நாள் மாத்திரை. காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. வாயில செம்பு நக்கினாப்புல இருக்கும், வயிறு கொஞ்சம் போவும். அதுக்காக நடுவுல நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா கிருமி முறுக்கிக்கும், அப்புறம் மாத்திரை கேக்காது. சாராயம் தொடக் கூடாது."

அருணகிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் கேட்டான்.

"அத யாரு வெச்சிருப்பாங்க, டாக்டரம்மா?"

"வெக்கறதா?"

"சோத்துல. விருந்துல."

டாக்டர் குப்பம்மாளைப் பார்த்தாள். குப்பம்மாள் தரையைப் பார்த்தாள்.

"இத யாரும் வெக்க முடியாதுங்க. பெரும்பாலும் சின்னப் புள்ளையா இருக்கும்போதே தொத்திக்கும். நல்ல தண்ணி இல்லாதது, ஒரே தட்டுல சாப்பிடறது, பெரியவங்க மென்னு கொழந்தைக்கு ஊட்டறது, இந்த மாரி. உங்களுக்கு அம்பது வருசமா உள்ள இருந்திருக்கும். இப்ப தான் தொந்தரவு குடுக்குது. கூடப் பொறந்தவங்க இருந்தா, அவங்களுக்கும் வயித்துல கோளாறு இருந்தா, டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

"ஒரு தங்கச்சி இருக்குதுங்க" என்றான் அருணகிரி.

திரும்பி வரும்போது பஸ் ஒடுகத்தூரில் கொஞ்ச நேரம் நின்றது. குப்பம்மாள் வேர்க்கடலை வாங்க இறங்கினாள். அப்போதுதான் அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. அம்மா சாமை அறுக்கப் போகும் நாட்களில் கைக்குழந்தையை இவனிடம் விட்டுவிட்டுப் போவாள். ஏழு வயசு இவனுக்கு. கேழ்வரகுக் களியைத் தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி, விரலில் எடுத்துத் தங்கை வாயில் வைப்பான். அம்மா சொல்லிக்கொடுத்தது. அவளும் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல் முளைக்கும் வரை அப்படித்தான். யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போயிருக்கும் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. கிருமி அப்படித்தான் போனது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அவன் மனசு அதை நம்பிவிட்டது. குப்பம்மாள் நீட்டிய கடலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும் வரை உரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பதினாலு நாள் மாத்திரையும் விடாமல் சாப்பிட்டான். ஒரு மாதம் தள்ளிப் போய்ச் சோதனை செய்துகொண்டான். கிருமி இல்லை என்றார்கள். அவனுக்குப் பசி வந்தது. பசி என்றால் எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தவன், இரண்டாம் தடவை சோறு கேட்டான். குப்பம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

வெட்கக்கேடு அதற்குப் பிறகுதான். "இன்னா மாமா, மொகம் தெளிஞ்சி கீது" என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவன் நிஜத்தைச் சொல்லவில்லை. "அதுவா சரியாப் பூட்ச்சி" என்றான். சிலர், அடிவாரத்து ஆள் எடுத்தது இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்றார்கள். அவன் மறுக்கவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் போனது. வயிறு லேசாக இருந்தது. ஓடைப் பக்கம் பார்வை போனால் மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. அது பழைய நோவும் இல்லை.

ஆனியில் ஒருநாள் ரேசன் கடை வரிசையில் நின்றான். பெண்கள் வரிசையில் நாலைந்து பேருக்கு முன்னால் சின்னக்குழந்தை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கைமுட்டியை மடக்கி நெஞ்சுக்குழியில் அமுக்கினாள். முந்தானை முடிச்சிலிருந்து எதையோ கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். சோடா உப்பு. அந்த அமுக்கு எப்படிப்பட்டது என்று அருணகிரிக்குத் தெரியும். அவன் சர்க்கரை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

"அவளுக்கு வயிறு சரியில்லியா?" என்று குப்பம்மாளைக் கேட்டான்.

"யாருக்கு?"

"சின்னக்குழந்தைக்கு."

பதினோரு வருசத்தில் அந்தப் பேரை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல். குப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாலஞ்சு வருசமா கீது. வெளிய சொல்லல. சொன்னா ஊர்ல இன்னா சொல்லுவாங்க? வெச்சவளுக்கே திரும்பிடுச்சின்னு சொல்லுவாங்க. அதுக்குப் பயந்துகினு ஆஸ்பத்திரிக்கும் போவல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் மாசத்துக்கு ரெண்டு வாட்டி அவ வூட்டுல சாப்ட்டுகினு தான் கீறேன். பதினோரு வருசமா. எனக்கு இன்னா ஆச்சி?"

அவன் அவளையே பார்த்தான்.

"நீ சொல்லவே இல்லியே."

"நீ கேக்கற ஆளா இருந்தியா? இருந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்று மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் ஓடையைத் தாண்டினான். சின்னக்குழந்தை வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தும் சுத்தியலை நிறுத்தவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. நின்றபடியே அவன் எல்லாவற்றையும் சொன்னான். குழாய் விட்டது, கிருமி, மாத்திரை. அவளுக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது. கடைசியாக, "நான் தப்புப் பண்ணிட்டேன்மா" என்றான்.

"எப்ப தெரிஞ்சிது உனக்கு?"

"மாசியில."

"இப்ப ஆனி."

அவள் ஒரு கொட்டையைத் தட்டி வெளியே எடுத்தாள்.

"இத என்னாண்ட எதுக்கு சொல்ற? அன்னிக்கி என்னாண்டயா சொன்ன? ஊர்ல நின்னு சொன்ன. எம் பொண்ணு ஆம்பூர்ல பசை நாத்தத்துல கெடக்குது. அவ அப்பன் சாவும்போது கூட, எம் மச்சான் என் வூட்டுத் தண்ணி குடிக்கலியேன்னு கேட்டுட்டு தான் செத்தாரு. ஊர்ல சொல்லு. அப்பால பாக்கலாம்."

"உன் வயிறு..."

"என் வயிறு இத்தினி நாள் இருந்தாப்புல இருக்கும். போ."

ஆடி வருவதற்கு இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் அவன் பட்ட பாட்டைக் குப்பம்மாள்தான் பார்த்தாள். கொல்லையில் மாட்டிடம் பேசிப் பார்ப்பான். பாதியில் நிறுத்திவிடுவான். உடம்பு சரியில்லை என்று திருவிழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டான். "அப்போ உன் சோத்தையும் நீயே ஆக்கிக்கோ" என்றாள் அவள்.

திருவிழா அன்று கோயில் முன்னால் பானை ஏற்றியாயிற்று. பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். முதல் கூடை கவிழ்வதற்கு முன் அருணகிரி எழுந்தான். செருமினான்.

"இன்னா மாமா, இந்த வருசம் யாரு கூடை?" என்று ராஜ்குமார் கேட்டான். மைக் செட் வைத்திருக்கிற பையன், வாய் கொஞ்சம் நீளம். மைக்கை இவன் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தான். சிலர் சிரித்தார்கள்.

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு ஒண்ணு சொன்னேன்" என்றான் அருணகிரி. "அது பொய். என் வயித்துல இருந்தது கிருமி. வேலூர்ல டாக்டரு குழாய் வுட்டுப் பாத்தாங்க. சின்னப் புள்ளையிலருந்தே இருந்திருக்குதாம். மாத்திரையில போய்டுச்சி. என் தங்கச்சி எனக்கு ஒண்ணும் வெக்கல. அன்னிக்கி அவ எனக்குப் போட்டது கோழிக் கொழம்பும் சாமைச் சோறும் தான்."

"அப்போ அந்த ஆளு உன் வயித்துலருந்து எடுத்துக் காட்டினது?"

"அவன் வாயில முன்னாடியே வெச்சிருந்தது."

"எத்தினி வாட்டி போன, மாமா?"

"மூணு வாட்டி."

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அருணகிரி சிரிப்பு அடங்கும் வரை நின்றான். அது அவனுக்குச் சேர வேண்டியது என்பதுபோல நின்றான்.

"இன்னொண்ணு. அந்த ஆளு யார் பேரையும் சொல்லல. நான் தான் சொன்னேன். இந்த விசயம் தெரிஞ்சி அஞ்சி மாசம் ஆவுது. வெக்கப்பட்டுகினு வாயை மூடிகினு இருந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. கூடை வரிசையில் கடைசியாக நின்ற பெரியம்மாள், ஊரிலேயே வயசில் மூத்தவள், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "உனக்கு அஞ்சி மாசம் வெக்கம். அவளுக்குப் பதினோரு வருசம். எந்தத் தராசுல நிறுப்ப?"

ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி மேல்துண்டை எடுத்து மடித்தார். அவருக்கும் முகம் கறுத்திருந்தது. "இவன் சொன்னான், சரி. கூடையை எடுத்துத் தள்ளி வெச்சது என் கை. ஒரு வார்த்த விசாரிக்கல நானு" என்றார். "ஓடைக்கு அந்தாண்ட யாராச்சும் போங்க. சின்னக்குழந்தை சாமை வந்ததும் தான் பானையில போடணும். அதுவரைக்கும் தண்ணி கொதிக்கட்டும்."

தண்ணீர் கொதித்தது. எல்லாரும் ஓடைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கல்பனா வந்தாள். திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தாள். கையில் கூடை இல்லை. மாமனைப் பார்க்காமல் ஊர்க்கவுண்டரிடம் பேசினாள்.

"அம்மா சாமை தர மாட்டாங்களாம், தாத்தா. எங்கள வுட்டுட்டு பதினோரு வருசம் பொங்கி சாப்ட்டீங்க இல்ல, இந்த வருசமும் சாப்புடுங்கன்னு சொன்னாங்க."

கல்பனா திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"மைக்ல சொன்னது அங்க வரைக்கும் கேட்டுச்சு. இவரு சொன்னத கேட்டாங்க." அவள் நிறுத்தி, பிறகு சொன்னாள். "வேலூருக்கு பஸ் எத்தினி மணிக்குன்னு கேக்கச் சொன்னாங்க."

"காலையில ஆறரைக்கு" என்றான் அருணகிரி. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. குப்பம்மாள்தான் உரக்கச் சொன்னாள்.

அந்த வருசம் பொங்கல் பொங்கியது. சாப்பிட்டார்கள். ஆனால் இலையில் மிச்சம் வைத்தவர்களே அதிகம்.

மறுநாள் ஆறரை பஸ்ஸில் சின்னக்குழந்தையும் கல்பனாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். அருணகிரி கடைசி சீட்டில் உட்கார்ந்தான். கூட வா என்று அவர்கள் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்கும் இடம், குழாய் விடும் இடம் எல்லாம் அவனுக்குத் தெரியும் என்பதால் அவன் முன்னால் நடந்தான், அவர்கள் பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார்கள்.

மர்யம் டாக்டர் சின்னக்குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டாள்.

"கூட வந்திருக்கிறது யாரும்மா?"

"எம் பொண்ணு."

"வாசல்ல நிக்கறவரு?"

சின்னக்குழந்தை திரும்பிப் பார்த்தாள். "ஊர்க்காரரு" என்றாள்.

டாக்டர் பேனாவை நிறுத்தினாள். "தங்கச்சின்னு சொன்னீங்களே ஐயா?" என்று அவனைக் கேட்டாள்.

அருணகிரி கதவுக்கு வெளியே நின்றபடி, "அவங்க சொல்றது சரி தாங்க" என்றான். "நான் அந்த மாரி தான் நடந்துகினேன்."

சின்னக்குழந்தைக்கும் அதே கிருமிதான். அதே பதினாலு நாள். வாய் கசந்ததற்கும் வயிறு போனதற்கும் நிறுத்தாமல் ஒரு வேளை விடாமல் முழுங்கினாள் என்று குப்பம்மாள் சொன்னாள். கல்பனாவிடம் தன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அருணகிரி இரண்டு முறை ஆம்பூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். இரண்டு முறையும் பஸ் வந்தது, ஏறவில்லை. மூன்றாவது முறை ஏறினான்.